ஜீன் ஹேக்மேன்: நாயக முகமின்றி நாயகனான ஹாலிவுட் கலைஞர்

இருமுறை ஆஸ்கர் விருது வென்ற அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஜீன் ஹேக்மேன், 2025 பிப்ரவரியில் தமது 95ஆவது வயதில், நியூ மெக்சிகோ மாநிலம் சாண்டா ஃபே நகரில் உள்ள இல்லத்தில் காலமானார். காவல் அதிகாரி, கொள்ளையன், பாதிரியார், கூடைப்பந்துப் பயிற்சியாளர், ஒட்டுக்கேட்கும் நிபுணர், நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, பழைமைவாத அரசியல்வாதி, குடும்பத்தைக் கைவிட்ட தந்தை எனத் தம்முள் சற்றும் ஒத்துப்போகாத பாத்திரங்களை ஏற்று, அவை அனைத்தையும் நம்பத்தக்க மனிதர்களாக்கியவர் அவர்.

கதாநாயகன், வில்லன், குணச்சித்திர நடிகர் என்று நம் திரையுலகம் நடிகர்களைப் பிரித்துப் பேசுவது வழக்கம். இந்த மூன்று பிரிவுகளுக்கும் உரியவராக இருந்தும், எந்த ஒன்றிலும் அடைபட்டு விடாதவர் ஹேக்மேன். அழகிய நாயக முகம் அவருக்கு வாய்க்கவில்லை. முதன்முதலாகப் பரவலான கவனம் பெற்றபோது அவருக்கு வயது 37; நாயகனாக நிலைபெற்றபோது 41. வெற்றிபெற வாய்ப்பில்லாதவர் என்று தொடக்கத்திலேயே முத்திரை குத்தப்பட்ட ஒருவர், ஒரு தலைமுறையின் தலைசிறந்த நடிகர்களுள் ஒருவராக உயர்ந்தது எவ்வாறு என்பதை அவரது வாழ்க்கை வரலாறு விளக்குகிறது.

தந்தையின் கையசைப்பு

யூஜீன் ஆலன் ஹேக்மேன், 1930 ஜனவரி 30 அன்று கலிஃபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ நகரில் பிறந்தார். அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. பல ஊர்கள் மாறிய குடும்பம், இறுதியில் இல்லினாய் மாநிலத்தின் டான்வில் என்ற சிறு நகரில் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் குடியேறியது. தந்தை உள்ளூர் நாளிதழ் ஒன்றின் அச்சகத்தில் பணிபுரிந்தார்.

ஹேக்மேனுக்கு 13 வயதானபோது தந்தை குடும்பத்தை விட்டு விலகினார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கடந்து காரில் சென்ற அவர், வண்டியை நிறுத்தவில்லை. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கையை மட்டும் அசைத்துவிட்டுச் சென்றுவிட்டார். அது விடைபெறுதல் என்பது சிறுவனுக்குப் பின்னரே புரிந்தது. புகழ் பெற்ற பின்னர் அளித்த நேர்காணல்களில் இந்நிகழ்வை நினைவுகூர்ந்த ஹேக்மேன், ஒரு சிறு அசைவில் எவ்வளவு பொருள் பொதிந்திருக்கக்கூடும் என்பதை அன்று உணர்ந்ததாகவும், தாம் நடிகரானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் கூறியுள்ளார்.

அவரது நடிப்பைப் புரிந்துகொள்வதற்கு இக்கூற்று ஒரு திறவுகோல். உரத்த வசனத்தைக் காட்டிலும், பாதியில் அறுந்துபோகும் சிரிப்பு, பதில் சொல்லத் தயங்கும் ஒரு நொடி, தோளில் வைத்து எடுக்கும் கை போன்ற சிறு அசைவுகளிலேயே அவரது பாத்திரங்கள் தங்களை வெளிப்படுத்திக்கொண்டன.

மரைன் படையில் இருந்து மேடைக்கு

பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறிய ஹேக்மேன், வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். அங்கு வானொலித் தகவல் தொடர்புப் பணியாளராக நான்கரை ஆண்டுகள் பணியாற்றினார். சீனாவில் சில காலம் பணியமர்த்தப்பட்டிருந்த அவர், 1949இல் அங்குக் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்த பின்னர் ஹவாய், ஜப்பான் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டார். 1951இல் படையில் இருந்து விடுவிக்கப்பட்டார்.

படைவீரர்களுக்கான அரசுக் கல்வி உதவியுடன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதழியலும் தொலைக்காட்சித் தயாரிப்பும் பயிலத் தொடங்கிய அவர், படிப்பை முடிக்கவில்லை. சிறு வயது முதலே மனத்தில் இருந்த நடிப்பு ஆசை அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றது. 1956இல் ஃபே மால்டீஸ் என்பவரை மணந்த ஹேக்மேன், ஏறத்தாழ அதே காலகட்டத்தில் 'பாசடீனா பிளேஹவுஸ்' நாடகப் பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் அவருக்கு நெருங்கிய நண்பராக வாய்த்தவர் டஸ்டின் ஹாஃப்மேன். இருவரது தோற்றமும் அக்காலத் திரை நாயகர்களின் இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. வெற்றிபெற மிகக் குறைந்த வாய்ப்பு உள்ளவர்கள் என்று உடன் பயின்றவர்கள் இவ்விருவரையுமே தேர்ந்தெடுத்தனர் என்பது ஹாலிவுட் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. பின்னாளில் அவர்கள் இருவரும் தலா இரு ஆஸ்கர் விருதுகளை வென்றனர்.

நியூயார்க்கின் வறுமைக் காலம்

பாசடீனாவில் நிலைக்க முடியாத ஹேக்மேன் நியூயார்க் சென்றார். நாடக வாய்ப்புகளைத் தேடியவாறே லாரி ஓட்டுவது, காலணிக் கடையில் விற்பனை செய்வது, வீட்டுச் சாமான்களைச் சுமந்து ஏற்றியிறக்குவது எனக் கிடைத்த வேலைகளைச் செய்தார். பின்னர் நியூயார்க் வந்த ஹாஃப்மேன், ஹேக்மேன் தம்பதியின் சிறிய குடியிருப்பில் சமையலறைத் தரையில் படுத்துறங்கிய நாள்களும் உண்டு. பின்னாளில் 'தி காட்ஃபாதர்' திரைப்படத்தால் உலகப் புகழ்பெற்ற ராபர்ட் டுவாலும் இந்நண்பர் குழுவில் ஒருவர்.

ஓர் உணவகத்தின் வாயிற்காவலராகச் சீருடையுடன் நின்றிருந்த வேளையில், பாசடீனாவில் தமக்குப் பயிற்றுவித்த ஆசிரியர் ஒருவர் அவ்வழியே வந்ததை ஹேக்மேன் பின்னர் விவரித்துள்ளார். நீ எதற்கும் உதவமாட்டாய் என்று நான் அன்றே சொன்னேன் அல்லவா என்ற பொருளில் அந்த ஆசிரியர் கூறிச் சென்றாராம். அதன் பிறகே, எப்பாடுபட்டாவது சிறந்த நடிகனாவது என்ற உறுதி தமக்குள் இறுகியதாக ஹேக்மேன் தெரிவித்துள்ளார்.

1962இல் அவரது தாயார் தீ விபத்தில் உயிரிழந்தார். மகனின் திரை வெற்றி எதையும் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1964இல் 'எனி வெட்னஸ்டே' என்ற பிராட்வே நாடகம் ஹேக்மேனுக்கு ஓரளவு அறிமுகத்தைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டு வெளியான 'லிலித்' திரைப்படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அப்படத்தின் நாயகன் வாரன் பீட்டி, ஒரே காட்சியில் தம்முடன் நடித்த அந்த அறிமுகமில்லா நடிகரை மறக்கவில்லை.

1967: ஒரு கதவு மூடியது, மற்றொன்று திறந்தது

ஹேக்மேனின் வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்த ஆண்டு 1967. இயக்குநர் மைக் நிக்கல்ஸ், 'தி கிராஜுவேட்' திரைப்படத்தில் திருவாளர் ராபின்சன் என்ற நடுத்தர வயதுக் கணவரின் வேடத்துக்கு ஹேக்மேனைத் தேர்வு செய்திருந்தார். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே, அந்த வேடத்துக்கு வயது போதவில்லை என்று கூறி அவரை நீக்கினார். நண்பர் ஹாஃப்மேனை ஒரே நாளில் நட்சத்திரமாக்கிய படமும் அதுவே.

அந்த நீக்கம் அவருக்கு நன்மையாகவே முடிந்தது. 'பானி அண்ட் கிளைட்' திரைப்படத்தைத் தயாரித்து நடித்த வாரன் பீட்டி, கொள்ளையன் கிளைடின் அண்ணன் பக் பேரோவாக நடிக்க ஹேக்மேனை அழைத்தார். வேடிக்கைப் பேச்சும் வெள்ளை உள்ளமும் கொண்ட, ஆனால் வன்முறைக்குப் பழகிப்போன அந்தப் பாத்திரத்துக்காக, சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது. தம்மை நீக்கிய மைக் நிக்கல்ஸ் மீது அவர் பகைமை பாராட்டவில்லை. அவரது இயக்கத்தில் 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்' (1990), 'தி பேர்ட்கேஜ்' (1996) ஆகிய படங்களில் ஹேக்மேன் நடித்தார்.

1970இல் வெளியான 'ஐ நெவர் சாங் ஃபார் மை ஃபாதர்', இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அன்பு காட்டத் தெரியாத முதிய தந்தையிடம் நெருங்க முயன்று தோற்கும் மகனின் பாத்திரம் அது. தந்தையால் கைவிடப்பட்ட ஒருவர் அதனை ஏற்று நடித்தார் என்பது அப்படத்துக்குத் தனி அழுத்தம் சேர்த்தது.

வெறுக்கத்தக்க நாயகன்

வில்லியம் ஃபிரெட்கின் இயக்கத்தில் 1971இல் வெளியான 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்', ஹேக்மேனை முதல் வரிசைக்கு உயர்த்தியது. நியூயார்க்கில் நடந்த உண்மையான போதைப்பொருள் வழக்கைத் தழுவிய கதை அது. எடி ஈகன் என்ற காவல் துறைத் துப்பறிவாளரை முன்மாதிரியாகக் கொண்டு 'பாப்ஐ' டாயில் என்ற பாத்திரம் உருவாக்கப்பட்டது. அவ்வேடத்துக்கு இயக்குநரின் முதல் தேர்வாக ஹேக்மேன் இருக்கவில்லை.

டாயில் கடமையில் வெறி கொண்டவர். அதே அளவுக்கு முரடர், இனவெறி கொண்டவர். சந்தேக நபர்களை அடிப்பதும் இழிவாகப் பேசுவதுமான காட்சிகளில் நடிப்பது ஹேக்மேனுக்குப் பெரும் மனச்சங்கடத்தை ஏற்படுத்தியது. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ளவும் அவர் முன்வந்தார். ஆயினும் இயக்குநர் விடவில்லை. உயர்மட்டப் பாதையில் விரையும் ரயிலைக் கீழே சாலையில் காரில் துரத்திச் செல்லும் காட்சி, உலகத் திரைப்பட வரலாற்றின் புகழ்பெற்ற துரத்தல் காட்சிகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

எனினும், அப்படத்தின் உண்மையான துணிச்சல் ஹேக்மேனின் அணுகுமுறையில் இருந்தது. டாயிலைப் பார்வையாளர்கள் விரும்பவேண்டும் என்று அவர் எங்குமே கெஞ்சவில்லை. நாயகனின் குறைகளை மறைப்பதற்காக ஒரு புன்னகையோ ஒரு நற்செயலோ சேர்க்கப்படவில்லை. இறுதியில் முதன்மைக் குற்றவாளியும் தப்பிவிடுகிறான். அவ்வாறிருந்தும் அப்படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர் உள்ளிட்ட ஐந்து ஆஸ்கர் விருதுகளை வென்றது. 1972 ஏப்ரலில் நடைபெற்ற விழாவில், சிறந்த நடிகருக்கான விருதை ஹேக்மேன் பெற்றுக்கொண்டார்.

ஓசைகளின் நடுவே ஒரு தனியன்

அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்களின் வீச்சு வியப்பூட்டுவது. 'தி பொசைடன் அட்வென்ச்சர்' (1972) படத்தில் கவிழ்ந்த கப்பலில் இருந்து பயணிகளை மீட்டுச் செல்லும் பாதிரியாராக நடித்தார். கடவுளிடமே வாதாடும் பாதிரியார் அவர். 'ஸ்கேர்குரோ' (1973) படத்தில் அல் பசினோவுடன் நாடோடியாகத் தோன்றினார். கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்ட அப்படம் வணிக ரீதியில் தோல்வியுற்றது. ஆயினும் தாம் நடித்தவற்றில் தமக்கு மிகவும் பிடித்தது அதுவே என்று ஹேக்மேன் கூறியிருந்தார்.

1974இல் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கிய 'தி கான்வர்சேஷன்' வெளிவந்தது. பிறரது உரையாடல்களை ரகசியமாகப் பதிவு செய்யும் ஹாரி கால் என்ற நிபுணரே கதையின் மையம். மழைக்கோட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் அந்த மனிதருக்குப் பிறரது ரகசியங்கள் எல்லாம் தெரியும். தமது வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூடப் பிறர் அறிவதை அவர் விரும்புவதில்லை. பொது இடம் ஒன்றில் இளம் இணை பேசிக்கொண்ட ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் அவர், ஒரு சொல்லின் மீது விழும் அழுத்தம் மாறினால் பொருளே தலைகீழாக மாறிவிடும் என்பதைக் காலம் கடந்து உணர்கிறார்.

டாயிலாகத் தெருக்களை அதிரவைத்த அதே நடிகர், இப்படத்தில் ஏறத்தாழ எதையுமே வெளிக்காட்டாமல் நடித்தார். கான் விழாவின் உயரிய விருது இப்படத்துக்கும் கிடைத்தது. வாட்டர்கேட் ஒட்டுக்கேட்பு விவகாரத்தால் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகிய ஆண்டும் 1974தான். ஆனால் கொப்போலா இக்கதையை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதத் தொடங்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் சூழ்ந்த இன்றைய வாசகர்களுக்கு, ஹேக்மேனின் படங்களில் முதலில் பரிந்துரைக்கத்தக்கது இதுவே.

சிரிக்க வைத்த முரடர்

நகைச்சுவையிலும் ஹேக்மேன் தடம் பதித்தார். 'தி கான்வர்சேஷன்' வெளியான அதே ஆண்டில், மெல் புரூக்ஸின் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பார்வையற்ற துறவியாகச் சில நிமிடங்களே தோன்றினார். வீட்டுக்கு வந்த பேருருவ விருந்தாளியின் மடியில் கொதிக்கும் சூப்பை ஊற்றும் அக்காட்சியில், தாடிக்குப் பின்னால் இருப்பவர் ஹேக்மேன் என்பதைப் பலர் முதலில் அறியவில்லை.

1978இல் வெளியான 'சூப்பர்மேன்' படத்தில் வில்லன் லெக்ஸ் லூதராக நடித்து, உலகெங்கும் உள்ள சிறுவர்களுக்கும் அவர் அறிமுகமானார். மீசையை மழிக்க மறுத்த ஹேக்மேனிடம், நீங்கள் மழித்தால் நானும் மழித்துக்கொள்கிறேன் என்று இயக்குநர் ரிச்சர்ட் டோனர் வாக்களித்தார். ஹேக்மேன் மழித்த பின்னர், தமது ஒட்டுமீசையை டோனர் பிய்த்துக் காட்டினாராம். தற்பெருமை மிக்க, பேராசை பிடித்த, அதே வேளையில் சிரிப்பூட்டும் அந்த வில்லன் பாத்திரத்தை மேலும் இரு படங்களில் அவர் ஏற்றார்.

பயிற்சியாளரும் புலனாய்வாளரும்

1986இல் வெளியான 'ஹூசியர்ஸ்', இந்தியானா மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிக் கூடைப்பந்து அணி ஒன்றின் கதை. 1954இல் மாநில வாகையர் பட்டம் வென்ற மைலான் என்ற சிற்றூரின் பள்ளி அணி அக்கதைக்குத் தூண்டுதலாக அமைந்தது. கடந்த காலத் தவறு ஒன்றால் வாழ்வில் சறுக்கி, மறுவாய்ப்பு தேடி வரும் பயிற்சியாளராக ஹேக்மேன் நடித்தார். அமெரிக்காவின் விளையாட்டுத் திரைப்படங்களில் இன்றும் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் படம் இது.

ஆலன் பார்க்கர் இயக்கிய 'மிசிசிப்பி பர்னிங்' (1988), 1964இல் மிசிசிப்பி மாநிலத்தில் குடியுரிமை இயக்கத் தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்டதை அடிப்படையாகக் கொண்டது. அதில் எஃப்.பி.ஐ. அதிகாரியாக நடித்த ஹேக்மேனுக்கு, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெர்லின் திரைப்பட விழாவின் வெள்ளிக் கரடி விருதும் கிடைத்தன. அதே வேளையில், உரிமைப் போராட்டத்தின் உண்மை நாயகர்களான கறுப்பின மக்களைப் பின்னுக்குத் தள்ளி வெள்ளை அதிகாரிகளை அப்படம் முன்னிறுத்துவதாகக் கடும் விமர்சனமும் எழுந்தது. படத்தைக் குறித்த அவ்விமர்சனம் வலுவானது. ஹேக்மேனின் நடிப்பைக் குறித்துப் பெரிதாக மாற்றுக்கருத்து எழவில்லை.

கூரை ஒழுகும் வீடு

1990இல் இதயச் சிகிச்சை செய்துகொண்ட ஹேக்மேன், வன்முறைப் படங்களில் இருந்து விலக எண்ணியிருந்தார். தந்தை இத்தகைய வேடங்களில் நடிப்பதை அவரது மகள்களும் விரும்பவில்லை. எனவே கிளின்ட் ஈஸ்ட்வுட் 'அன்ஃபர்கிவன்' திரைக்கதையுடன் அணுகியபோது, முதலில் அவர் மறுத்தார். வன்முறையைப் போற்றுவது அல்ல, அதன் விலையைக் காட்டுவதே படத்தின் நோக்கம் என்று ஈஸ்ட்வுட் விளக்கிய பின்னரே ஒப்புக்கொண்டார்.

1992இல் வெளியான அப்படத்தில் லிட்டில் பில் டாகெட் என்ற ஷெரிஃபாக ஹேக்மேன் நடித்தார். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்பது அவர் விதித்த சட்டம். அச்சட்டத்தைக் காக்க எத்தகைய கொடுமைக்கும் அவர் தயங்குவதில்லை. மாலை நேரங்களில் தம் கையாலேயே வீடு கட்டுகிறார். ஆனால் தச்சு வேலை அவருக்கு வரவில்லை, கூரை ஒழுகுகிறது. மழை சொட்டும் அறையில் பெருமையுடன் அமர்ந்திருக்கும் அந்தக் கொடியவரைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, அச்சமும் தோன்றுகிறது. தம்மைத் தீயவர் என்று அவர் ஒரு கணமும் எண்ணவில்லை என்பதே அந்தப் பாத்திரத்தின் வலிமை. 1993இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை இவ்வேடம் அவருக்குப் பெற்றுத் தந்தது. சிறந்த படம், இயக்குநர் உள்ளிட்ட நான்கு விருதுகளை 'அன்ஃபர்கிவன்' வென்றது.

நிறைவுக் காலப் படங்கள்

அதன் பின்னரும் ஹேக்மேனின் வேகம் குறையவில்லை. 'கிரிம்சன் டைட்' (1995) படத்தில் அணு ஏவுகணைகளைத் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக டென்சல் வாஷிங்டனுடன் மோதினார். 'தி பேர்ட்கேஜ்' படத்தில் பழைமைவாத செனட்டராகத் தோன்றி, இறுதியில் பெண் வேடமிட்டுத் தப்பிக்கும் நிலைக்கு ஆளானார். 'எனிமி ஆஃப் தி ஸ்டேட்' (1998) படத்தில் மீண்டும் கண்காணிப்பு நிபுணராக நடித்தார். அப்பாத்திரத்தின் பழைய புகைப்படமாக 'தி கான்வர்சேஷன்' காலத்து ஹேக்மேனின் படமே அதில் காட்டப்படுகிறது.

வெஸ் ஆண்டர்சன் தமக்காகவே எழுதிய 'தி ராயல் டெனன்பாம்ஸ்' (2001) படத்தில், தொடக்கத் தயக்கத்துக்குப் பின்னரே நடிக்க இசைந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தைக் கைவிட்டுச் சென்று, பொய் சொல்லியாவது மீண்டும் அதில் இடம்பிடிக்க முயலும் தந்தையின் வேடம் அது. 13 வயதில் தந்தையை இழந்த சிறுவன், 71ஆவது வயதில் அத்தகைய தந்தையாகவே திரையில் தோன்றினார். அத்தந்தையை அவர் மன்னிக்கவும் இல்லை, பழிவாங்கவும் இல்லை, புரிந்துகொள்ள முயன்றார். இப்படத்துக்காக அவருக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு நட்புக்குப் பின்னர், 2003இல் வெளியான 'ரன்அவே ஜூரி' படத்தில்தான் ஹேக்மேனும் டஸ்டின் ஹாஃப்மேனும் முதன்முறையாகச் சேர்ந்து நடித்தனர். 2004இல் வெளியான 'வெல்கம் டு மூஸ்போர்ட்' அவரது கடைசித் திரைப்படமாக அமைந்தது.

ஆரவாரமற்ற விடைபெறல்

புகழின் உச்சியில் இருந்து பிரியாவிடை விழா ஏதுமின்றி அவர் விலகினார். இதயத்துக்கு மேலும் அழுத்தம் தரவேண்டாம் என்று மருத்துவர் அறிவுறுத்தியதே முடிவுக்குக் காரணம் என்று பின்னர் விளக்கினார்.

ஓய்வுக் காலத்தில் எழுத்தும் ஓவியமும் அவருக்குத் துணையாயின. கடலடித் தொல்லியல் ஆய்வாளர் டேனியல் லெனிஹனுடன் இணைந்து மூன்று வரலாற்றுப் புதினங்களை எழுதினார். அவற்றுள் முதலாவதான 'வேக் ஆஃப் தி பெர்டிடோ ஸ்டார்' 1999இல் வெளிவந்தது. 'பேபேக் அட் மார்னிங் பீக்' (2011), 'பர்ஸ்யூட்' (2013) ஆகிய புதினங்களைத் தனியே எழுதினார். கார் பந்தயத்திலும் ஆர்வம் கொண்டிருந்த அவர், 1983இல் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பங்கேற்றிருந்தார்.

முதல் மனைவி ஃபே மால்டீஸுடனான மணவாழ்க்கை 1986இல் மணமுறிவில் முடிந்தது. அவர்களுக்கு ஒரு மகனும் இரு மகள்களும் உள்ளனர். 1991இல், செவ்வியல் பியானோ இசைக் கலைஞரான பெட்சி அரகாவாவை ஹேக்மேன் மணந்தார். தம்பதி சாண்டா ஃபேயில், விளம்பர வெளிச்சத்தில் இருந்து விலகி வாழ்ந்தனர்.

சாண்டா ஃபே இல்லத்தில் நிகழ்ந்தது

2025 பிப்ரவரி 26 அன்று ஹேக்மேனும் பெட்சி அரகாவாவும் தங்கள் இல்லத்தில் வெவ்வேறு அறைகளில் இறந்து கிடந்தது கண்டறியப்பட்டது. வளர்ப்பு நாய்களுள் ஒன்றும் உயிரிழந்திருந்தது. முதலில் எரிவாயுக் கசிவு குறித்துச் சந்தேகம் எழுந்தபோதிலும், சோதனைகளில் அதற்கான சான்று கிடைக்கவில்லை.

மார்ச் 7 அன்று நியூ மெக்சிகோ மருத்துவப் புலனாய்வு அதிகாரிகள் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி, 65 வயதான அரகாவா ஹன்டா வைரஸ் நுரையீரல் நோயால் முதலில் உயிரிழந்தார். எலி இனங்களின் எச்சம், சிறுநீர் ஆகியவற்றின் வழியே பரவும் அரிய நோய் இது. காய்ச்சல், உடல்வலி எனச் சாதாரணக் காய்ச்சலைப் போலத் தொடங்கி, விரைவில் மூச்சுத்திணறலாக முற்றக்கூடியது.

ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின்னர், பிப்ரவரி 18 வாக்கில் ஹேக்மேன் இறந்திருக்கக்கூடும் என்று அவரது இதயமுடுக்கிக் கருவியின் பதிவுகள் காட்டின. இதய நோயே இறப்புக்குக் காரணம் என்றும், முற்றிய நிலையில் இருந்த ஆல்சைமர் நோய் அதற்குத் துணைக்காரணம் என்றும் தெரிவிக்கப்பட்டது. மனைவி இறந்ததையே அவர் உணராமல் இருந்திருக்கலாம் என்று அதிகாரிகள் குறிப்பிட்டனர்.

இச்செய்தி உலகெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியதற்கு, இறந்தவர் புகழ்பெற்ற நடிகர் என்பது மட்டும் காரணம் அல்ல. நினைவிழப்பு நோய்க்கு ஆளான ஒருவர், பராமரிப்பவர் ஒரே ஒருவரை மட்டும் சார்ந்து வாழும்போது, அப்பராமரிப்பாளரே திடீரென நோயுற்றால் இருவரும் உதவியற்றவர்களாகி விடுகின்றனர். செல்வமும் புகழும் இதற்குக் காப்பாக அமைவதில்லை. முதியோர் தனித்து வாழும் குடும்பங்களில், நாள்தோறும் ஒருமுறையேனும் நலம் விசாரிக்கும் மற்றொருவர் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை இந்நிகழ்வு பலரிடம் விதைத்தது.

விட்டுச்சென்ற மரபு

ஹேக்மேனின் நடிப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நல்லவரை நடிக்கும்போது அவருள் இருக்கும் சிறுமையையும், தீயவரை நடிக்கும்போது அவருக்கு இருக்கும் நியாயத்தையும் அவர் தேடிக் கண்டெடுத்தார். டாயிலும் லிட்டில் பில்லும் சட்டத்தின் காவலர்கள், ஆயினும் அஞ்சத்தக்கவர்கள். ராயல் டெனன்பாம் பொய்யர். ஆயினும் பிரிய மனம் வராதவர். ரசிகர்களின் அன்பை முன்கூட்டியே கேட்டு வாங்கும் நட்சத்திரங்களிடையே, பாத்திரத்தின் உண்மையை முதலில் வைத்து, அன்போ வெறுப்போ பின்னர் வரட்டும் என்று விட்டவர் அவர்.

அவரது முகம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் காணக்கூடிய ஒரு முகம். குறையாகக் கருதப்பட்ட அந்த எளிமையே எந்த வேடத்துக்கும் பொருந்தும் மூலதனமாயிற்று.

ஒரு பார்வையில் ஜீன் ஹேக்மேன்

இயற்பெயர்: யூஜீன் ஆலன் ஹேக்மேன்

பிறப்பு: 1930 ஜனவரி 30, சான் பெர்னார்டினோ, கலிஃபோர்னியா

மறைவு: 2025 பிப்ரவரி, சாண்டா ஃபே, நியூ மெக்சிகோ

ஆஸ்கர் விருதுகள்: சிறந்த நடிகர் ('தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்'), சிறந்த துணை நடிகர் ('அன்ஃபர்கிவன்')

ஆஸ்கர் பரிந்துரைகள்: மொத்தம் 5

பிற சிறப்புகள்: பாஃப்டா விருதுகள், பெர்லின் விழாவின் வெள்ளிக் கரடி (1989), வாழ்நாள் சாதனைக்கான கோல்டன் குளோப் செசில் பி. டிமில் விருது (2003)

முதலில் பார்க்கத்தக்க ஐந்து படங்கள்: 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971), 'தி கான்வர்சேஷன்' (1974), 'ஹூசியர்ஸ்' (1986), 'அன்ஃபர்கிவன்' (1992), 'தி ராயல் டெனன்பாம்ஸ்' (2001)